சிறுவர் ஞாயிறு: நட்பு, பிறரன்பு இரண்டையும் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

லிங்கராஜபுரம்_டீச்சர்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் அடுத்த மாதம் சிறுவர் ஞாயிறு. காலை எட்டு மணி தமிழ் ஆராதனையைப் பிள்ளைகளே நடத்த வேண்டும். ஐயர் (எங்கள் போதகர்) கொடுத்திருக்கும் தலைப்பு "நட்பும் பிறரன்பும்". அதற்கு முந்தின நாலு ஞாயிறும் சண்டே ஸ்கூலில் நாற்பது நாற்பது நிமிடம் இதற்காகவே கிடைக்கும்.

பிள்ளைகள் 30 பேர், 4 வயசு முதல் 13 வரை. ஒரே ஹால், டீச்சர்கள் மூணு பேர். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது; ஸ்கூலில் இங்கிலீஷும் கன்னடமும்தான். அபார்ட்மெண்டிலிருந்து வருகிற ஏழெட்டு பேர் ஒரு கும்பல், பக்கத்து லைன் வீட்டுப் பிள்ளைகள் இன்னொரு பக்கம். "எல்லாரும் ஃப்ரெண்ட்ஸா இருக்கணும்" என்றால் தலையை ஆட்டிவிட்டு, மறுபடியும் அவரவர் மூலைக்கே போய் உட்காருகிறார்கள்.

எந்தக் கதை, எந்த வசனம், ஆராதனையில் பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுப்பது? செய்து பழகினவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும். பொம்மலாட்டம், பவர்பாயிண்ட் எல்லாம் எங்களுக்கு ஆகாது.

பழைய_விபிஎஸ்

சிஸ்டர், முதலில் உட்காரும் இடத்தைச் சரிபண்ணுங்கள், கதை அப்புறம். 30 பேர் என்றால் ஆறு நிறத்தில் ஐந்தைந்து சார்ட் பேப்பர் அட்டை வெட்டிக்கொள்ளுங்கள். வாசலில் ஒரு டீச்சர் நின்று ஆளுக்கொரு அட்டை கொடுக்கணும், அந்த நிறத்துப் பாயில் போய் உட்காரணும். குலுக்கல் வேண்டாம், எந்தப் பிள்ளைக்கு எந்த நிறம் என்று முந்தின நாளே எழுதி வையுங்கள். குலுக்கலில் சேர்ந்தே இருக்கிற நாலு பேர் மறுபடி சேர்ந்தே விழுவார்கள். குழுவுக்கு ஒரு பெரிய பிள்ளையாவது, 11 வயசுக்கு மேல், இருக்கட்டும். 4, 5 வயசுப் பிள்ளை முதல் வாரம் அண்ணன் அக்காவோடு இருக்கலாம், இல்லையென்றால் அழுகையிலேயே பத்து நிமிடம் போய்விடும்.

"ஜோடி சேர்ந்துக்கோங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். கடைசியில் ஒரு பிள்ளை தனியாக நிற்கும், பெரும்பாலும் எல்லா வாரமும் அதே பிள்ளைதான். "உன் பெஸ்ட் ஃப்ரெண்டை வரை" என்பதும் அதே ரகம். யாருடைய படத்திலும் வராத பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும்.

முதல் வேலை பெயர். குழுவில் மற்ற நாலு பேரின் பெயரும், ஆளுக்கொரு சின்ன விஷயமும் (பிடித்த சாப்பாடு, பயப்படும் பிராணி, அப்படி எதாவது) தெரிந்துகொள்ளணும். அடுத்த வாரம் அட்டை வாங்கும்போது வாசலில் கேளுங்கள். எந்த ஸ்கூல், எந்த ஏரியா என்று கேட்க விடாதீர்கள், கும்பல் பிரிவதே அதில்தான். "சொந்த ஊர் எது?" என்பதும் வேண்டாம். நம் சபைகளில் பெரியவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டு எதைத் தெரிந்துகொள்கிறார்கள் என்று நமக்கெல்லாம் தெரியும், பிள்ளைகளுக்கும் சீக்கிரம் தெரிந்துவிடும்.

கதைக்கு என் முதல் தேர்வு மாற்கு 2, திமிர்வாதக்காரனை நாலு பேர் இயேசுவிடம் சுமந்து வந்து, கூட்டத்தால் உள்ளே போக முடியாமல் கூரையைப் பிரித்து இறக்கியது. (நாலு பேர் என்ற கணக்கு மாற்கில் மட்டும்தான். நண்பர்கள் என்று வசனத்தில் இல்லை, விவரமான பிள்ளை கேட்டால் ஒத்துக்கொள்ளுங்கள்.) ஒரு சிங்கிள் பெட்ஷீட், காட்டன்தான், பாலியஸ்டர் வழுக்கும். நடுவில் 5 கிலோ அரிசிப் பை. நாலு மூலையிலும் முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு உள்பக்கமாகப் பிடிக்கச் சொல்லுங்கள். முடிச்சு இல்லையென்றால் சின்னக் கையிலிருந்து துணி நழுவிக்கொண்டே போகும். நாலு பேரும் ஏறக்குறைய ஒரே உயரம் இருக்கணும், இல்லாவிட்டால் பை குள்ளமான பிள்ளை பக்கமே சரியும். அதற்காகப் பக்கத்துக் குழுவிலிருந்து ஆளை மாற்றிக்கொள்ளலாம். ஐந்தாவது பிள்ளைக்கு வழியில் கிடக்கும் நாற்காலிகளை ஒதுக்கும் வேலை, அதுதான் கூட்டம்.

பதினைந்தடி தூரம் போதும். முதல் தடவை நாலு பேரும் தூக்கிப் போகட்டும். இரண்டாம் தடவை பாதி வழியில் ஒருவர் மூலையைத் தரைக்கு இறக்கணும். பை அந்தப் பக்கம் உருளும், மற்ற மூணு பேரும் யாரும் சொல்லாமலே ஒருவரை ஒருவர் நெருங்கி, துணியைச் சுருட்டிப் பிடிப்பார்கள். அங்கே நிறுத்தி, "இப்ப ஏன் கிட்ட வந்தீங்க?" என்று மட்டும் கேளுங்கள். அதற்குமேல் விளக்கம் கொடுத்தால் கெட்டுப்போகும். பையில் அரிசிதான் இருக்கணும், எந்தக் காரணத்துக்கும் பிள்ளையை வைத்துத் தூக்காதீர்கள்.

கூரையைப் பிரித்ததை இந்தக் காலத்துப் பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும், காங்கிரீட் தளத்தை எப்படி உடைத்தார்கள் என்று குழம்புவார்கள். அந்த ஊர் வீடுகளுக்குத் தட்டைக் கூரை. உத்திரம், அதன்மேல் கிளைகள், அதன்மேல் மண் பூச்சு. மேலே ஏற வெளிப்பக்கம் படி. "அப்புறம் கூரையை யார் சரி பண்ணினாங்க?" என்று யாராவது கேட்டால் மழுப்பாதீர்கள். வசனம் சொல்லவில்லை, ஆனால் அன்பு காட்டப் போனால் செலவு வரும் என்று அந்தப் பிள்ளை தானாகவே பிடித்துவிட்டது.

அடுத்த வாரம் யோனத்தான், தாவீது. 1 சாமுவேல் 18:4-இல் ஐந்து பொருள்: சால்வை, வஸ்திரம், பட்டயம், வில், கச்சை. வீட்டில் இருப்பதை வைத்து ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுக்கச் செய்யுங்கள். அவன் ராஜாவின் மகன், அடுத்த ராஜாவாக வரவேண்டியவன் என்பதை முதலிலேயே சொல்லாவிட்டால், பழைய துணி கொடுத்தான் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். பெரிய பிள்ளைகளுக்கு 2 சாமுவேல் 9 சேர்க்கலாம். யோனத்தான் செத்துப்போன பிறகு, இரண்டு காலும் முடமான அவன் மகன் மேவிபோசேத்தைத் தாவீது தேடிக் கண்டுபிடித்துத் தன் பந்தியில் உட்காரவைக்கிறான். கொடுத்த வாக்கு நண்பனோடு முடியவில்லை. எனக்கு 18-ஆம் அதிகாரத்தைவிட இதுதான் பெரிய கதை.

கீபோர்ட்_தம்பி

பாட்டும் மனன வசனமும் நான் சொல்றேன் அக்கா.

பிள்ளைகள் பாடாமல் முனகுவதற்குப் பாதிக் காரணம் சுருதி. பெரியவங்க எடுக்கிற சுருதி அவங்களுக்கு ரொம்பத் தாழ்வு. நடு சி-க்கு அடுத்த டி-யிலிருந்து மேல் சி வரைக்கும் இருந்தால் சின்னப் பிள்ளைக்கு வசதி. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் ரெண்டு மூணு ஏற்றிப் பாருங்க. வேகம் நிமிஷத்துக்கு 90, 100 தட்டு போதும். ஆக்‌ஷன் பாட்டு தானாகவே ஓட ஆரம்பிக்கும், தாளத்தை ஒருத்தர் பிடிச்சுக்கணும். டிராக் போட்டுப் பாட வைக்காதீங்க. ஒரு வரி விட்டுப்போச்சுன்னா டிராக் நிற்காது, பிள்ளைங்க வாயை மூடிடுவாங்க. எதிரே நின்று ஆக்‌ஷன் காட்டுகிற டீச்சர் இடது கையைத் தூக்கணும், அப்பத்தான் பிள்ளைங்க வலது கையைத் தூக்குவாங்க. ரெண்டு பாட்டு போதும், அஞ்சு பாட்டு எடுத்தீங்கன்னா ஒண்ணும் தேறாது.

வசனம்: சின்னவங்களுக்கு யோவான் 13:34-இல் ஆரம்பம் மட்டும், "நீங்கள் ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள்". 7 வயசுக்கு மேல் 1 யோவான் 4:19, "அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம்". பெரிய பிள்ளைங்களுக்கு யோவான் 15:13, சிநேகிதருக்காக ஜீவனையே கொடுக்கிற அன்பு பற்றினது. "அவர் முந்தி" என்பதை விட்டுட்டு "நீ அன்பாயிரு"ன்னு மட்டும் சொல்லிக் கொடுத்தா அது வெறும் நல்லொழுக்கப் பாடம், ஸ்கூலிலேயே அது இருக்கு.

வாசிக்கத் தெரியாதவங்களுக்கு இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்தா ல, ள ரெண்டும் ஒண்ணாயிடும், குறில் நெடில் தெரியாது. கன்னட எழுத்து நல்லா வாசிக்கிற பிள்ளைக்கு அதிலேயே எழுதிக் கொடுங்க, உச்சரிப்பு எவ்வளவோ தேவலாம். ழ மட்டும் கன்னடத்தில் கிடையாது, அதைக் காதால் கேட்டுத்தான் பழகணும். "அன்புகூர்ந்தபடியால்" மாதிரி நீளச் சொல்லை "அன்பு / கூர்ந்த / படியால்" என்று மூணாக உடைச்சு, கைதட்டோடு சொல்லி, அப்புறம் சேர்த்துடுங்க. மூணு வாரம் ஆகும். பிரைஸ் வெச்சு யார் முதலில் ஒப்பிக்கிறாங்கன்னு போட்டி நடத்தாதீங்க. தலைப்பு என்ன, நடக்கிறது என்னன்னு ஆயிடும். குழுவில் அஞ்சு பேரும் சொன்னாத்தான் அந்தக் குழுவுக்கு ஸ்டிக்கர்னு வெச்சா, பெரியவங்க சின்னவங்களுக்குச் சொல்லிக் கொடுப்பாங்க.

ஹலசூர்_மறைக்கல்வி

நான் கத்தோலிக்கப் பங்கிலிருந்து எழுதுகிறேன், உங்கள் முறை கொஞ்சம் வேறாக இருக்கும், ஆனால் மன்றாட்டு (ஆராதனையில் பிறருக்காகச் செய்யும் ஜெபம்) எல்லோருக்கும் பொது. 1973-இல் ரோமிலிருந்து வந்த சிறுவர் திருப்பலிக்கான வழிகாட்டியே பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அல்ல, பங்கெடுக்க வருகிறவர்கள் என்ற அடிப்படையில்தான் எழுதப்பட்டது. பாட, வாசிக்க, காணிக்கை கொண்டுவர அவர்களை விடச் சொல்கிறது, நடுவில் மௌனமும் வேண்டும் என்கிறது.

மன்றாட்டு நாலு போதும், ஒவ்வொன்றும் ஒரே வாக்கியம், பத்துப் பன்னிரண்டு சொல்லுக்குள். முந்தின வாரம் பிள்ளைகளிடமே கேளுங்கள்: இங்கே வராமல் போனது யார், உன் வகுப்பில் தனியாகச் சாப்பிடுவது யார், உன் தெருவில் உடம்பு சரியில்லாதவர் யார். அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். "உலகத் தலைவர்களுக்காக" என்று எழுதிக் கொடுத்தால் தாளைப் பார்த்து ஒப்பிப்பார்கள், அவ்வளவுதான். ஒரு வரிக்கும் அடுத்ததற்கும் நடுவில் மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டுத் தொடரணும்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. பிள்ளை உண்மையைச் சொல்லும். "எங்க அப்பா குடிக்காம இருக்கணும்" என்று மைக்கில் வந்தால் அந்தக் குடும்பம் அடுத்த வாரம் வராது. ஆகவே முன்கூட்டியே வாங்கி, ஒரு டீச்சர் படித்துப் பார்த்து, பெயரும் வீட்டு விஷயமும் வெளியே தெரியாமல் மாற்றி எழுதணும். பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கப்பாவுக்காக நான் ஜெபிக்கிறேன், இங்கே 'கஷ்டத்தில் இருக்கிற வீடுகளுக்காக' என்று சொல்வோம்" என்று சொல்லுங்கள். சொல்லாமல் மாற்றினால் தன் ஜெபத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்றே அது நினைக்கும்.

சிறுவர் செய்தி சொல்கிறவர் பீடத்தின் முன் பிள்ளைகளை உட்கார வைத்து, மைக்கை நீட்டி, "உன் ஃப்ரெண்டு யாரு?" என்று கேட்பதையும் தவிர்க்கணும். ஒரு பெயர் சொன்னால் சொல்லப்படாத இருபத்தெட்டு பேர் இருக்கிறார்கள். மழலையாகப் பதில் வந்தால் சபையே சிரிக்கும், அதோடு அந்தப் பிள்ளை ஒரு வருஷத்துக்கு வாய் திறக்காது.

லிங்கராஜபுரம்_டீச்சர்

ரொம்ப நன்றி. நாற்காலி, பெட்ஷீட் எல்லாம் ஹாலிலேயே இருக்கிறது. இன்னும் மூணு சந்தேகம். நல்ல சமாரியன் கதையை பெங்களூருக்கு மாற்றி நாடகமாகப் போடலாமா? ஆராதனையில் ஒருவருக்கொருவர் சமாதானம் கூறும் நேரத்தைப் பிள்ளைகளே நடத்தலாமா? எங்கள் குழுவில் இரண்டு பையன்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை, அன்றைக்கு எல்லோர் முன்னாலும் கைகுலுக்க வைத்தால் நல்ல சாட்சியாக இருக்கும் என்று ஒரு பெரியவர் சொல்கிறார்.

ஞாயிறு_எட்டரை

கடைசிக் கேள்விக்கு முதலில்: வேண்டவே வேண்டாம். மத்தேயு 5:23, 24-இல் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகச் சொல்லியிருக்கிறது, ஆள் கூட்டி வந்து காட்டச் சொல்லவில்லை. மத்தேயு 18:15 இன்னும் தெளிவு, "தனித்திருக்கையில்". இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேளுங்கள், பிறகு ஒரு டீச்சர் கூட இருக்க, சேர்த்து உட்கார வையுங்கள். "ஸாரி சொல்லு" என்பதற்குப் பதில் மூணு வரி: நான் செய்தது இது, அதனால் உனக்கு நடந்தது இது, இனி நான் செய்யப்போவது இது. இரண்டாவது வரியில்தான் எல்லாப் பிள்ளையும் தடுமாறும், அங்கே பொறுமையாக நில்லுங்கள். "மன்னிச்சிட்டேன்னு சொல்லு" என்று அடுத்த பையனை அவசரப்படுத்தாதீர்கள், அவனுக்கு ஒரு வாரம் எடுக்கலாம். ஒருவன் பெரியவன், அவன் சின்னவனை அடிக்கிறான், பிடுங்குகிறான் என்றால் இது சண்டையே இல்லை. அங்கே ஒப்புரவு பேசாமல் பிரித்து வையுங்கள், பெற்றோரிடம் சொல்லுங்கள். அடிவாங்கும் பிள்ளையிடம் போய் "ஏழெழுபதுதரம்" மன்னிக்கணும் என்று வசனம் சொல்வது கொடுமை.

இதோடு சேர்ந்த ஒன்று. "நல்ல நண்பன் ரகசியம் காப்பான்" என்று மொட்டையாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள். பிறந்தநாள் பரிசு ரகசியம் வேறு, பயமுறுத்துகிற ரகசியம் வேறு, இரண்டாவதைப் பெரியவரிடம் சொல்லியே ஆகணும் என்று அதே மூச்சில் சொல்லுங்கள். ஒரு டீச்சர் ஒரு பிள்ளையோடு பூட்டிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. தப்பான தொடுதல் பற்றி எந்தப் பிள்ளையாவது சொன்னால் அதைச் சபைக்குள் பேசித் தீர்க்கக் கூடாது, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ ஹால் சுவரில் எழுதி வையுங்கள்.

சமாரியன்: மாற்றலாம், ஆனால் ஆளை மாற்றும்போதுதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். நம் சண்டே ஸ்கூல் பையன் ஒரு ஏழையைத் தூக்கிவிடுகிற மாதிரி எழுதினால் கதை தலைகீழ். இயேசு சொன்னதில் அடிபட்டுக் கிடப்பவன் கேட்கிறவர்களின் பக்கத்து ஆள், உதவுகிறவன்தான் வேண்டாதவன். யோவான் 4:9-இல் யூதர் சமாரியரோடு ஒட்டுறவு வைத்திருக்கவில்லை என்று வருகிறதே, அந்த உறுத்தல் நாடகத்தில் இருக்கணும். ஆகவே விழுந்து கிடப்பது நம்ம பிள்ளை. தாண்டிப் போவது நமக்கு மரியாதைப்பட்ட இரண்டு பேர், கொயர் லீடர், சபைக் கமிட்டி அங்கிள். நின்று தூக்குவது தமிழ் தெரியாத ஒரு கன்னடக்கார ஆட்டோ டிரைவர், "ஏனாயித்து மகூ?" (என்னாச்சு பிள்ளே?) என்று கேட்டுக்கொண்டே. காவேரி விவகாரம் சூடாகும்போது இந்த ஊரில் வீட்டுக்கு வெளியே தமிழ் பேசாதே என்று பிள்ளைக்குச் சொல்லும் வீடுகள் உண்டு (தமிழருக்கு எதிராகக் கலவரம் நடந்த 1991 டிசம்பரை மறக்காதவர்கள் அதைச் சொல்லத்தான் செய்வார்கள்), அதனால் இது பெரியவர்களுக்கும் உறைக்கும். கொள்ளையரை மட்டும் எந்த மொழி, எந்த மதம் என்று காட்டாதீர்கள். முகத்தில் கைக்குட்டை கட்டி, வசனமே இல்லாமல் வந்து போகட்டும்.

கதையில் அடிபட்டவன் போன எருசலேம்–எரிகோ வழி ஏறக்குறைய 27 கிலோமீட்டர், மெஜஸ்டிக்கிலிருந்து நெலமங்கலா மாதிரி தூரம், ஆனால் ஆயிரம் மீட்டர் இறக்கம், ஆளில்லாத மலைப் பாதை. இதைச் சொன்னால் நிற்பதற்கு ஏன் பயம் என்று புரியும். சமாரியன் சத்திரக்காரனிடம் கொடுத்த இரண்டு பணம் என்பது இரண்டு நாள் கூலி. ஆட்டோ டிரைவரும் அன்றைய கலெக்‌ஷனை எண்ணி ஆஸ்பத்திரி கவுண்டரில் வைத்து, "மீதி நாளைக்கு வந்து தரேன்" என்று போகட்டும். நாடகம் ஆறு நிமிடத்துக்கு மேல் போகவேண்டாம், வசனம் ஆளுக்கு மூணு வரி. பின்னால் நின்று ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் நடித்தால் மறதிப் பயம் இல்லை.

வேற்று மதப் பிள்ளைகளோடு நட்பு பற்றியும் கேள்வி வரும். ஸ்கூலில் பக்கத்து பெஞ்சில் இருப்பவர்களே அவர்கள்தான். சர்ச்சுக்கு அழைத்துவரத்தான் ஃப்ரெண்ட் பிடிக்கணும் என்ற எண்ணம் பிள்ளைக்கு வந்தால் அது நட்பாகாது. சாப்பாட்டைப் பகிர்ந்துகொள், அவங்க வீட்டு வழக்கத்தைக் கேலி பண்ணாதே, அவ்வளவு சொன்னால் போதும்.

சமாதானம் கூறுவது பிள்ளைகள் நடத்த மிகப் பொருத்தமான இடம். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) 1947-இல் அமைந்த பிறகு 1950-இல் வந்த திருவிருந்து முறையிலேயே கையால் சமாதானம் கொடுக்கும் வழக்கத்தைச் சேர்த்தார்கள். கொடுக்கிறவர் வலது உள்ளங்கையை வாங்குகிறவரின் வலது உள்ளங்கையில் வைக்க, இருவரும் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடிக்கொள்வார்கள். அது பீடத்திலிருந்து வரிசை வரிசையாகக் கீழே வரும். இப்போது பல சபைகளில் நின்ற இடத்திலேயே கும்பிட்டு முடித்துவிடுகிறார்கள். ஐயரிடம் கேட்டு, அன்றைக்குப் பழைய முறைப்படி ஐயரிடமிருந்து ஆறு குழுத் தலைவர்கள் வாங்கி, ஆளுக்கொரு பெஞ்சு வரிசைக்குக் கொண்டுபோகட்டும். சொல்வது ஒரே வாக்கியம், "தேவ சமாதானம் உங்களோடிருப்பதாக", பெரியவரானாலும் சின்னவரானாலும் அதே மரியாதை. முதல் ஒத்திகையில் பிள்ளைகள் அவரவர் அம்மா அப்பாவிடமே ஓடுவார்கள், அதனால் தன் வீட்டார் உட்காராத வரிசையைக் கொடுங்கள். தொடப் பிடிக்காத பிள்ளை கைகூப்பினால் போதும். மற்றப் பிள்ளைகளுக்கு மூணு பேர் கணக்கு: பின்வரிசையில் ஒருவர், வயசானவர் ஒருவர், பெயர் தெரியாதவர் ஒருவர். இரண்டு நிமிடத்தில் கீபோர்ட் தொடங்கிவிடணும், இல்லையென்றால் அரட்டையாகிவிடும்.

பழைய_விபிஎஸ்

நாடகம் பற்றி எட்டரை சொல்வது சரி, ஆனால் 4, 5 வயசுக்காரர்களுக்கு அடிபட்டுக் கிடப்பதைக் காட்டினால் சிலர் பயந்து அழுவார்கள். அவர்கள் மட்டும் கழுதையாக நடிக்கட்டும், கும்மாளம்தான். ஆட்டோ என்றால் ஆட்டோ சத்தம்.

காணிக்கை பாக்கி இருக்கிறது. வாசலில் அப்பா திணிக்கிற பத்து ரூபாய் பிள்ளையின் காணிக்கை ஆகாது. பிடி அரிசி வையுங்கள். தினமும் வீட்டில் உலை வைக்கும்போது பிள்ளை தன் கையால் ஒரு பிடி எடுத்து ஒரு டப்பாவில் போடணும். சின்னக் கைக்கு 25 கிராம் என்று வைத்தால் 28 நாளில் 700 கிராம், 30 பேருக்கு 21 கிலோ வரும். தவறுகிற இடங்கள்: ஒரு வீட்டில் பச்சரிசி, ஒரு வீட்டில் புழுங்கல், கலந்தால் ஒன்று வெந்து ஒன்று வேகாது. அதனால் சபையில் இரண்டு வாளி வைத்துத் தனித்தனியாகக் கொட்டச் சொல்லுங்கள். ரேஷன் அரிசி வாங்கும் வீட்டுப் பிள்ளையின் டப்பாவும் அதே வாளிக்குத்தான் போகணும், தரம் பார்த்துப் பிரித்தால் எல்லாம் கெட்டது. வண்டு வராமல் டப்பாவில் இரண்டு காய்ந்த மிளகாய். யார் எவ்வளவு என்று நிறுத்து எழுதவே கூடாது. மறந்துபோய் வெறும் டப்பாவோடு வருகிற பிள்ளைகளுக்காக வாளிக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் அரிசி இருக்கட்டும், அதிலிருந்து ஒரு பிடி அள்ளிப் போடட்டும்.

அரிசியை எங்கே கொடுப்பது என்று முதல் வாரமே முடிவு பண்ணி பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் ஹோமுக்குக் (ஆதரவற்றோர் இல்லத்துக்கு) கொண்டுபோனால் வரிசையில் நிற்க வைத்து போட்டோ எடுக்க விடாதீர்கள், வாங்குகிற பிள்ளையின் முகம் யாருடைய ஸ்டேட்டஸிலும் வரக் கூடாது. முடிந்தால் அங்கேயே சமைத்து, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் கலந்து உட்காரட்டும். அதற்கும் அந்த ஆறு நிற அட்டை உதவும், அந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்து வெட்டி வையுங்கள்.